ஒன்றா, இரண்டா? மோட்டார் சைக்கிள் டயர் மாற்றிய கதை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் வந்தே தீரும் கேள்வி ஒன்று உண்டு. பின் டயர் மொட்டையாகிவிட்டது. முன் டயரில் இன்னும் பாதி பட்டன் மிச்சம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றுவதா, இரண்டையும் சேர்த்து மாற்றுவதா?

கேட்பதற்குப் பணம் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் போலத் தெரியும். கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொல்வார். கையிலுள்ள காசு ஒன்று போதும் என்று சொல்லும். ஆனால் ஓடுகிற மோட்டார் சைக்கிள் தரையைத் தொடுவது இரண்டே இரண்டு இடங்களில்தான். ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. வண்டி, ஓட்டுபவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர், மூட்டை முடிச்சு எல்லாவற்றின் உயிரும் அந்த இரண்டு உள்ளங்கைகளில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் சுமார் 130 ஆண்டு வரலாறு இருக்கிறது. பயணிகள் எப்போதும் "எங்கேயும் கிடைக்க வேண்டும், எந்தச் சக்கரத்துக்கும் பொருந்த வேண்டும், நானே மாற்ற வேண்டும்" என்று கேட்டார்கள். டயர் செய்தவர்களோ முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போனார்கள். இந்த இழுபறியில் பயணிக்குக் கிடைத்தது என்ன, அவர் இழந்தது என்ன என்பதுதான் இந்தக் கதை.

பின் டயர் ஏன் முதலில் தேய்கிறது?

முதலில் இதைப் பார்த்துவிடுவோம். மோட்டார் சைக்கிளில் எஞ்சினின் சக்தி பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் பின் டயர் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த உரசலில் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. பெட்டிகளும் பின்னால் உட்காருபவரும் சேர்ந்தால் எடையும் பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறது. நேரான நெடுஞ்சாலையில் நாள் கணக்கில் ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். உருண்டையாக இருந்த டயர் சதுரமாகிவிட்டது என்று ஓட்டுபவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட டயரோடு வளைவில் சாயும்போது, தட்டையான இடத்திலிருந்து ஓரத்துக்கு ஏறுகிற இடத்தில் வண்டி ஒரு தயக்கம் காட்டிவிட்டுச் சட்டென்று விழும்.

முன் டயரின் வேலை வேறு. பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் முன்னால் பாய்கிறது. திரும்பும்போது வழிகாட்டுவதும் அதுதான். ஆகவே அது மெதுவாகத் தேய்ந்தாலும், ஒரு பட்டன் உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் மேடு பள்ளமாகத் தேயும். பொதுவாகச் சுற்றுலா வண்டிகளில் பின் டயர் இரண்டு முறை மாறுவதற்குள் முன் டயர் ஒரு முறைதான் மாறும். "ஒன்றா, இரண்டா" என்ற கேள்வி பிறப்பதே இந்தக் கணக்கிலிருந்துதான்.

மாற்றவே முடியாத டயர்

1885ல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் செய்த முதல் பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு மரச் சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை. பஞ்சர் என்ற பேச்சே இல்லை. எலும்புதான் ஆட்டம் காணும்!

காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்று அதை மாட்டுவதற்கு ஏற்ற வண்டிகள் இல்லை. பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக 1887ல் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். 1888ல் காப்புரிமை வாங்கினார். தாம்சனின் பழைய காப்புரிமை பின்னர் தெரியவந்ததால் அது செல்லாமல் போனது தனிக்கதை.

டன்லப்பின் டயர் சுகமாக ஓடியது. ஆனால் அதைக் கழற்ற முடியாது. துணியைச் சுற்றி, பசை போட்டு ரிம்மோடு ஒட்டியிருப்பார்கள். 1889 வாக்கில் அப்படி ஒரு டயர் பஞ்சரான சைக்கிள், பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரில் மிஷெலின் சகோதரர்கள் நடத்திய ரப்பர் தொழிற்சாலைக்கு வந்தது. டயரைப் பிரித்து ஒட்டவே மணிக்கணக்கில் ஆயிற்று. பசை காய இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் எட்வர்ட் மிஷெலின் அந்த சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். சிறிது தூரத்திலேயே காற்று மறுபடியும் இறங்கிவிட்டது.

டயர் நன்றாக ஓடினால் மட்டும் போதாது, வழியில் நின்று மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதை அவர் அன்று புரிந்துகொண்டார். 1891ல் அவர்கள் கழற்றக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் போட்டியில் சார்ல் டெரோன் அந்த டயரோடு ஓடி வெற்றி பெற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1894ல் மியூனிக்கில் ஹில்டெப்ராண்ட், வோல்ஃப்முல்லர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிளில் காற்று டயர்தான் இருந்தது. டயர் மாற்றும் வரலாறு மோட்டார் சைக்கிளுக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம்

ஆரம்பகால மோட்டார் சைக்கிள் டயர்களின் ஓரம் தடித்த ரப்பர் கொக்கி மாதிரி இருக்கும். ரிம்மின் ஓரம் உள்பக்கமாக வளைந்திருக்கும். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அதை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். ஆகவே காற்றைக் கல் போல அடிக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் ரிம்மை விட்டு உருண்டு வெளியே வந்துவிடும். ஓடும்போது முன் சக்கரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று 1890லேயே இருந்தது. சார்லஸ் வெல்ச் என்ற ஆங்கிலேயர் டயரின் இரண்டு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையத்தை வைத்தார். கம்பி நீளாது என்றால் டயர் ரிம்மை விட்டு வராது. நல்லதுதான். ஆனால் நீளாத கம்பியை ரிம்மின் உயரமான ஓரத்துக்கு மேல் ஏற்றுவது எப்படி?

விடை எளிமையானது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம். டயரின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தினால், நேர் எதிர்ப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில் லீவரைப் போட்டு ஓரத்தை மேலே தூக்கிவிடலாம். 1920களின் பிற்பகுதியில் மோட்டார் சைக்கிள்கள் இந்த முறைக்கு மாறின. இன்று சாலையோரப் பஞ்சர் கடையில் டயரின் ஒரு பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபக்கத்தில் லீவர் போடுகிறாரே, அவர் செய்வது இதைத்தான். மிதிக்காமல் லீவரை மட்டும் நெம்புகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் டயர் வராது. நெம்பி நெம்பி டியூப்தான் கிழியும்.

போர்வை அடைத்த டயர்

கார்ல் ஸ்டேர்ன்ஸ் கிளான்சி என்ற அமெரிக்கர் 1912ல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, இலங்கை, சீனா, ஜப்பான் என்று போய் 1913ல் நியூயார்க் சேர்ந்தார். சுமார் 18,000 மைல். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள். அன்றைய சாலைகள் குதிரைகளுக்கானவை. குதிரை லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள்தான் டயரின் முதல் எதிரி.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு பயணம். எஃபி ஹாட்ச்கிஸ் என்ற இளம்பெண், தன் தாய் ஏவிஸை சைடுகாரில் உட்கார வைத்துக்கொண்டு, 1915 மே மாதம் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஹார்லி டேவிட்சனில் புறப்பட்டார். போக வேண்டிய இடம் நாட்டின் மறுகோடியிலுள்ள சான் பிரான்சிஸ்கோ. நடுவில் பெரும்பாலும் மண் பாதைதான். எல்லாப் பழுதையும் எஃபியே பார்த்துக்கொண்டார்.

நியூ மெக்ஸிகோ பகுதியில் கொண்டுபோன டியூப்கள் எல்லாம் தீர்ந்துபோயின. பக்கத்தில் கடை கிடையாது. எஃபி ஒரு போர்வையை வெட்டி, இறுக்கமாகச் சுருட்டி, டியூப்புக்குப் பதிலாக டயருக்குள் அடைத்தார். வண்டி நகர்ந்தது! இருவரும் கோடையில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். கிழக்குக் கரையிலிருந்து ஒரு ஜாடியில் கொண்டுவந்த அட்லாண்டிக் கடல் நீரைப் பசிபிக்கில் ஊற்றினார் எஃபி. பிறகு அதே வண்டியில் ஊர் திரும்பினார்கள். போக வர சுமார் 9,000 மைல்.

அடுத்த ஆண்டு, 1916ல், அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். பெண்களும் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைச் செய்ய முடியும் என்று காட்டுவதே அவர்கள் நோக்கம். ராணுவம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் மண், சேறு, மலை எல்லாவற்றிலும் அந்த வண்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

இந்தக் காலத்தில் "ஒன்றா, இரண்டா" என்று யாரும் கேட்கவில்லை. எது ஓடுமோ அது டயர். எது அடைக்குமோ அது டியூப்.

ரப்பர் வந்த வழி

இந்த டயர்களுக்கான ரப்பர் எங்கிருந்து வந்தது? முதலில் பிரேசில் காட்டு மரங்களிலிருந்து. 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. அந்தக் கன்றுகளின் வாரிசுகள்தான் மலாயாவின் தோட்டங்களை நிரப்பின. தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் மிகப் பெரும் பகுதியினர் நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். 1913 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை அளவில் முந்திவிட்டது. உலகம் முழுவதும் டயர் ஒரு சாதாரணப் பொருளாக, தேய்ந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கக்கூடிய பொருளாக மாறியது இதற்குப் பிறகுதான். அந்த வசதிக்குப் பின்னால் விடிவதற்கு முன்பே எழுந்து மரத்தடிக்குப் போன கைகள் இருந்தன.

அதே காலத்தில் டயரின் நிறமும் மாறியது. பழைய டயர்கள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தன. ரப்பரோடு கரித்தூள் சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்று 1904ல் இங்கிலாந்தின் சில்வர்டவுனில் கண்டுபிடித்தார்கள். 1910களில் அமெரிக்கக் கம்பெனிகள் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கின. டயர் கறுப்பானதே அதன் ஆயுள் கூடியதன் அடையாளம்.

இந்த ரப்பர் வழி எவ்வளவு முக்கியமானது என்று 1942ல் உலகத்துக்குத் தெரிந்தது. ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. போர்க்கால அமெரிக்காவில் பொதுமக்களுக்கு முதன்முதலில் ரேஷன் வைக்கப்பட்ட பொருள் டயர்தான். சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் அதற்குப் பிறகுதான் ரேஷன் வந்தது. டயரை மாற்றலாமா என்பதை வண்டிக்காரர் அல்ல, அரசாங்கம் முடிவு செய்த காலம் அது.

ஒரே டயர், எல்லாச் சக்கரத்துக்கும்

போருக்கு முன்பே பயணிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1932ல் ராபர்ட் எடிசன் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் லண்டனிலிருந்து டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். அந்த வண்டியில் கார் டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. சிரியாவிலும் ஆப்கன் எல்லையிலும் மோட்டார் சைக்கிள் டயர் தேடுவதை விடக் கார் டயர் தேடுவது எளிது அல்லவா? 1933 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

ராணுவங்களும் இதே வழியில்தான் யோசித்தன. ஜெர்மன் ராணுவத்தின் பி.எம்.டபிள்யூ. ஆர்75 வண்டியில் முன் சக்கரம், பின் சக்கரம், சைடுகார் சக்கரம் மூன்றும் ஒரே அளவு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றின் இடத்தில் மாட்டலாம். சைடுகாரின் பின்னால் நான்காவதாக ஒரு சக்கரம் தயாராக இருக்கும்.

அந்தக் கூடுதல் சக்கரத்துக்கு நம் ஊரில் பெயர் "ஸ்டெப்னி". இந்தச் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904ல் கார்களுக்கான உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. பிரிட்டனில் அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இந்தியாவில் இன்றும் வாழ்கிறது.

சாதாரண மோட்டார் சைக்கிளில் ஸ்டெப்னி வைக்க இடமில்லை. ஆனால் ஸ்கூட்டரில் இருந்தது. இத்தாலிய வெஸ்பாவிலும், அதன் வழி வந்த நம் ஊர் பஜாஜ் சேதக்கிலும் இரண்டு சக்கரமும் ஒரே அளவு. ரிம் இரண்டு பாதியாகப் பிரியும். லீவரே வேண்டாம், ஸ்பேனர் போதும். வண்டியைச் சாய்த்து, நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் பிலிப் வின்சென்ட் வேறு வழியில் போனார். அவருடைய வின்சென்ட் வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றக் கருவியே தேவையில்லை. ஆக்சிலின் முனையில் கையால் திருகும் குறுக்குக் கம்பி இருந்தது. பின் மட்கார்டு கீல் போட்டு மேலே மடங்கும். அன்றைய உலகின் மிக வேகமான விற்பனை வண்டியைச் செய்தவர், மழையில் சாலையோரம் நின்று டயர் மாற்றும் மனிதரையும் நினைத்திருக்கிறார். ஆனால் வண்டியின் விலை அதிகம். 1955ல் உற்பத்தி நின்றது.

அதே 1955ல்தான் சென்னை திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாராகத் தொடங்கியது. முந்நூற்றைம்பது சி.சி. புல்லட்டில் முன்னும் பின்னும் 3.25-19 என்ற ஒரே அளவு டயர். அதே திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிதான் பிறகு எம்.ஆர்.எஃப். என்ற டயர் கம்பெனியாக வளர்ந்தது. வண்டியும் டயர்க் கம்பெனியும் ஒரே ஊரில் முளைத்தவை.

இந்த ஒரே அளவு முறையில் ஒரு சிக்கனமும் இருந்தது. ஒரே ஒரு புது டயரைக் கட்டி எடுத்துக்கொண்டு போனால் எந்தச் சக்கரம் போனாலும் கவலையில்லை. பின் டயர் தேய்ந்தால் முன்னதைப் பின்னால் போட்டுவிட்டுப் புதியதை முன்னால் மாட்டியவர்களும் உண்டு.

பிரிந்துபோன ஜோடி

அப்படியானால் இந்த வசதி ஏன் போயிற்று? விடை வேகத்தில் இருக்கிறது.

முன் டயரில் தடுப்பதும் பின் டயரில் தள்ளுவதும் எதிரெதிர் விசைகள். இருபக்கமும் பொருத்தக்கூடிய டயர்கள் சிலவற்றில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். முன்னால் போட்டால் ஒரு திசை, பின்னால் போட்டால் நேர் எதிர்த்திசை. ஒரே ரப்பர்தான், ஆனால் அதன் மேல் விழும் இழுப்பு தலைகீழ். இதனால்தான் முன்னால் நீளவாக்கில் வரி போட்ட டயர், பின்னால் கட்டம் போட்ட டயர் என்ற வழக்கம் பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலேயே வந்துவிட்டது.

1969ல் ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பந்தயத்தில் மால்கம் அப்ஹில், டிரயம்ப் போனவில் வண்டியில் ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டினார். கடையில் விற்கும் வகை வண்டி ஒன்று அங்கே அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அவர் ஓட்டிய டன்லப் கே81 டயருக்கு அதன் நினைவாக டி.டி.100 என்று பெயர் வந்தது. அந்த டயரைக்கூட நார்ட்டன் கமாண்டோ 850 போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே 4.10-19 அளவில் போட முடிந்தது. பெரிய வண்டிகளில் ஒரே டயர் காலத்தின் கடைசி நாட்கள் அவை.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 1975ல் ஹோண்டாவின் கோல்டு விங் வந்தபோது கம்பிச் சக்கரமும் டியூப்பும்தான். 1980ல் வந்த அதன் அடுத்த மாடலில் டியூப்லெஸ் டயர். டியூப் உள்ள டயரில் ஆணி குத்தினால் காற்று நொடியில் இறங்கிவிடும். டியூப்லெஸில் ஆணி பெரும்பாலும் தானே துளையை அடைத்துக்கொள்ளும், காற்று மெல்லக் கசியும். சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகி ஒட்டிவிடலாம். இது எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்!

கம்பிச் சக்கரத்தில் டியூப்லெஸ் போட முடியாது என்ற நிலையை 1987ல் பி.எம்.டபிள்யூ. ஜி.எஸ். வண்டிகள் மாற்றின. கம்பிகளை ரிம்மின் நடுவில் துளைக்காமல் ஓரத்தில் மாட்டினார்கள். காற்று கசிய வழியே இல்லை. அதே பத்தாண்டில் ரேடியல் டயர்கள் மோட்டார் சைக்கிளுக்கு வந்தன. 2007ல் மிஷெலினின் பைலட் ரோடு 2 என்ற சுற்றுலா டயர் வந்தது. நடுவில் தேயாத கடின ரப்பர், ஓரங்களில் பிடிமானமுள்ள மென்மையான ரப்பர். நேர்ச்சாலையில் சதுரமாகிற பழைய நோய்க்கு அது ஒரு மருந்து.

ஆனால் இந்த டயர்கள் ஜோடியாகப் பிறந்தவை. 2001ல் வந்த கோல்டு விங் 1800ல் முன்னால் 18 அங்குலம், பின்னால் 16 அங்குலம், அகலமும் வேறு. 2016ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் முன்னால் 21, பின்னால் 17. புல்லட் வழியில் வந்த வண்டிதான், ஆனால் ஒரு டயர் இன்னொன்றுக்கு உதவாது. 360 கிலோவுக்கும் அதிகமான கோல்டு விங்கின் பின் சக்கரத்தைச் சாலையோரத்தில் கழற்றி, இறுகிய டியூப்லெஸ் ஓரத்தைக் கையால் பிரித்து எடுப்பது சாமானிய வேலையும் அல்ல. பஞ்சர் ஒட்டுவது எளிதாயிற்று. டயர் மாற்றுவது கடைக்காரரின் வேலையாயிற்று.

மீண்டும் கார் டயர்

இதற்கு எதிராக ஒரு வேடிக்கையான கலகம் அமெரிக்காவில் நடந்தது. நேரான நெடுஞ்சாலைகளில் ஆண்டுக்குப் பல்லாயிரம் மைல் ஓட்டும் கோல்டு விங்காரர்கள் சிலர் பின் சக்கரத்தில் கார் டயரை மாட்டத் தொடங்கினார்கள். விலை குறைவு, பல மடங்கு தூரம் ஓடும் என்பது அவர்கள் வாதம். இந்தப் பழக்கத்துக்கு "இருண்ட பக்கம் போவது" என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

டயர் கம்பெனிகள் இதை ஏற்கவில்லை. காரணம் உண்டு. கார் சாயாது, ஆகவே கார் டயரின் மேற்பரப்பு தட்டை. மோட்டார் சைக்கிள் சாயும்போது அது ஓரத்தில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. கார் ரிம்மும் மோட்டார் சைக்கிள் ரிம்மும் டயரின் ஓரம் உட்காரும் இடத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஃபுல்டன் கார் டயர் போட்டது வேறு வழியில்லாத பாலைவனங்களில், இன்றைய வேகத்தில் பாதிகூட இல்லாத வண்டியில். அதை மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும் வண்டியோடு ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் அந்தக் கலகத்துக்குள் இருக்கும் குரல் பழையதுதான்: எளிதில் கிடைக்கும், நெடுநாள் உழைக்கும் டயர் வேண்டும்.

அப்படியானால் விடை என்ன?

வரலாறு முழுவதையும் பார்த்த பிறகு அந்தக் கேள்விக்குத் திரும்பலாம்.

முன் டயர் சமமாகத் தேய்ந்து, போதிய ஆழத்தோடு, விரிசல் இல்லாமல் இருந்தால், அதே வகை டயரைப் பின்னால் மட்டும் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் ரேடியலையும் பழைய குறுக்கு இழை டயரையும் கலக்கக் கூடாது. இரண்டின் பக்கச் சுவரும் வேறு விதமாக வளையும். முன் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் பின்னால் புதிது போட்டும் வண்டி அதிரும். அடுத்த பயணத்தின் பாதியில் முன் டயர் முடிந்துவிடும் என்று தெரிந்தால் இப்போதே இரண்டையும் மாற்றுவதுதான் மலிவு. ஏனென்றால் ஊருக்கு வெளியே அந்த அளவு கிடைக்காது.

ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. அது டயரின் வயது. 2000ஆம் ஆண்டிலிருந்து டயரின் பக்கவாட்டில் உற்பத்தித் தேதி நான்கு இலக்கமாக இருக்கிறது. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரம். பட்டன் முழுசாக இருந்தும் ரப்பர் கெட்டியாகி ஈரத்தில் வழுக்கும் டயர்கள் உண்டு. அதிகம் ஓடாத வண்டிகளில் முன் டயர்தான் பெரும்பாலும் இப்படி ஏமாற்றும். பின்னால் இரண்டு முறை மாறியிருக்கும், முன்னால் வண்டியோடு வந்ததே கிடக்கும். புது டயருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

எஃபி ஹாட்ச்கிஸின் டயர் இன்றைய டயரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது, எதனால் நிற்கிறது, எப்போது கைவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால்தான் போர்வையை வெட்டத் தோன்றியது. இன்றைய டயர் அவரை விட நூறு மடங்கு நம்பகமானது, ஆகவே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மாற்றும் வேலை கடைக்குப் போய்விட்டது. பார்க்கும் வேலை இன்னும் ஓட்டுபவரிடம்தான் இருக்கிறது. ஒன்றா, இரண்டா என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்னால், வண்டியை ஸ்டாண்டு போட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தால் விடை அங்கேயே எழுதியிருக்கும்.